சொல்ல ஆளில்லாத பெயர்ச்சொல்

புதிதாகப் பாடம் நடத்த வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்னைவிட நன்றாக ஜெர்மன் படித்தவர்கள். பெரிய ஊர்களில் முறையாகப் படித்து, பரீட்சை எழுதி, சான்றிதழோடு வந்திருக்கிறீர்கள். நான் படித்தது ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில், கிழவிகளைக் குளிப்பாட்டிக்கொண்டும் திட்டு வாங்கிக்கொண்டும். அதனால் இலக்கணத்தில் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் கிடையாது. நர்சு வேலையை விட்டுப் போடிக்குத் திரும்பியபின், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இந்த மாடியில்தான் உட்கார்ந்து, நர்சிங் முடித்த நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முட்டி தேயும்வரை ஜெர்மன் சொல்லிக்கொடுத்தேன். இப்போது ஓய்வு. "புதுசா வந்தவங்களுக்கு உற்சாகமா ஏதாவது எழுதிக் குடுங்க டீச்சர்" என்று நிர்வாகத்தில் கேட்டிருக்கிறார்கள். உற்சாகம் வேண்டுமென்றால் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கும் விமானப் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது ஒரு பெயர்ச்சொல்லைப் பற்றி.

விடுப்பு கேட்பது எப்படி என்கிற பாடத்தில் அந்தச் சொல் வரும். Todesfall. ஆண்பால். ஜெர்மனில் எந்தப் பெயர்ச்சொல்லுக்கும் முதல் எழுத்து பெரிய எழுத்து என்பதால் பெரிய T. கடைசியில் இரண்டு l, அதில் ஒன்றைப் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள், பார்த்துத் திருத்துங்கள். உச்சரிப்பு, டோடெஸ்ஃபல். அழுத்தம் முதல் அசையில். ஓகாரம் நன்றாக நீள வேண்டும், கடைசியில் வருவது குறில், அதை 'ஃபால்' என்று இழுக்க விடாதீர்கள். சொல்லின் தொடக்கத்தில் வருகிற ட வன்மையாகவும் நடுவில் வருகிற ட மென்மையாகவும் தமிழ் நாக்கில் தானாகவே வந்துவிடும். பராமரிப்பைக் குறிக்கும் Pflege என்ற சொல்லுக்கு எச்சில் தெறிக்கத் திணறுகிற பிள்ளைகள்கூட இதை முதல் தடவையிலேயே சரியாகச் சொல்லிவிடலாம்.

சொல்லிவிடலாம், ஆனால் சொல்ல மாட்டார்கள். டோட் என்றால் சாவு, ஃபல் என்றால் நேர்ந்த காரியம், ஆகக் குடும்பத்தில் சாவு நேர்ந்துவிட்டது என்று பொருள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பில் சத்தம் அடங்கிவிடும். எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொல்லுங்கள் என்றால் உதடு மட்டும் அசையும். "வாயில என்ன வெத்தலையா வச்சிருக்கீங்க?" என்று கத்துவேன். ஒருத்தி வெள்ளிக்கிழமை என்பாள். இன்னொருத்தி மாலை போட்டிருக்கிறேன் என்பாள். அந்த வாக்கியத்தில் அம்மா, அப்பா என்று யாரையாவது போட்டு எழுதச் சொன்னால், ஒட்டுமொத்த வகுப்பும் 'தாத்தாவின் அண்ணன்' என்று எழுதி வைக்கும். அந்தப் பெரியவர் எத்தனை தடவை செத்தாரோ, பாவம்.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. நாம் வளர்ந்த வளர்ப்பு அப்படி. நம் ஊரில் யாரும் சாவதில்லை. தவறிப்போவார்கள், போய்ச் சேருவார்கள், காலமாவார்கள். அந்த வீட்டுக்குக் கேத வீடு என்று பெயர். கேதம் என்றால் துக்கம். துக்கத்தைச் சொல்வோம், சாவைச் சொல்ல மாட்டோம். வெளியூரில் இருக்கிற பிள்ளைக்குத் தகவல் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு ஒரு முறை உண்டு. "அப்பாவுக்கு ரொம்ப முடியல, சீரியஸா இருக்கு, வெரசா கெளம்பி வா" என்பார்கள். திருப்பூரில் இருக்கிற பையனுக்கு அது போதும். 'வெரசா' என்ற சொல்லிலேயே அவனுக்குப் பாதி தெரிந்துவிடும். மீதியை பஸ்ஸில் வரும்போது அவனே தேற்றிக்கொண்டு, தெருமுனையில் கொட்டுச் சத்தம் கேட்டதும் அழத் தொடங்குவான். இதில் ஒரு கருணை இருக்கிறது, இல்லையென்று நான் சொல்லவில்லை.

ஜெர்மனியில் எனக்கு மேலே ஒரு அம்மாள் இருந்தார். வார்டுக்குத் தலைமை நர்சு. சிரித்து நான் பார்த்ததில்லை. இல்லத்தில் யாராவது இறந்தால் குடும்பத்துக்கு அவர்தான் போன் செய்வார். முதலில், உட்கார்ந்திருக்கிறீர்களா என்று கேட்பார். அடுத்த வாக்கியமே, உங்கள் அம்மா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு எதுவும் பேசாமல் அவர்கள் பேசும்வரை ரிசீவரைப் பிடித்துக்கொண்டே இருப்பார். எனக்கு அந்த அம்மாளைப் பிடிக்காது. இப்படிக் கல்லால் அடிக்கிற மாதிரி சொல்கிறீர்களே என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். நீ சுற்றி வளைத்துச் சொன்னால் அவர்கள் நம்பிக்கையோடு கிளம்பி வருவார்கள், அந்த நம்பிக்கையை வாசலில் வைத்து யார் பிடுங்குவது, நீயா என்றார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது வனிதா விஷயத்தில்.

வனிதா போடிப் பிள்ளை. அப்பா மலைக்கு ஜீப் ஓட்டுபவர். விடியற்காலையில் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவார். அந்த ஜீப்பில் போகிற பெண்களில் ஒருத்திதான் அவர் மனைவி, வனிதாவின் அம்மா. ஒரே மகள். நர்சிங் முடித்து, என்னிடம் ஜெர்மன் படித்து, ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனாள். போன புதிதில் தகுதிகாண் காலம் என்று ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரியும். அது முடியும்வரை பிள்ளைகள் மூச்சுவிடவும் பயப்படுவார்கள். ஆனால் வனிதா கெட்டிக்காரி. டியூட்டி நடுவில் கிடைக்கிற இடைவேளையில் தினமும் அம்மாவைக் கூப்பிட்டுவிடுவாள். இங்கே அந்த அம்மா ஜீப்பை விட்டு இறங்கி, கையில் ஒட்டிய ஏலக்காய்ப் பிசினைத் தேய்த்துக்கொண்டே போனில் பேசுவதைக் கடைத்தெருவில் நானே பார்த்திருக்கிறேன். என்ன பேசுவார்களோ, சிரிப்பு மட்டும் தெருக் கோடிவரை கேட்கும்.

ஒரு நாள் காலையில் தோட்டத்தில் அந்த அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. புருஷனே ஜீப்பில் கிடத்திக் கீழே கொண்டுவந்தார். போடி ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்.

நான் அன்று கண் ஆஸ்பத்திரிக்காக மதுரையில் இருந்தேன். மறுநாள் காலை போடிக்கு வந்து இறங்கியதும்தான் தெரிந்தது. வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கேத வீட்டுக்குப் போனேன். தெருவில் பந்தல் போட்டிருந்தது. ஐஸ் பெட்டிக்குள் அந்த அம்மா படுத்திருந்தாள். பெட்டியின் கால்மாட்டில் வனிதாவின் அப்பா வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, வனிதா எப்போது வந்து சேருகிறாள் என்று கேட்டேன். அவர் பந்தலில் நின்ற மைத்துனர் பக்கம் கையைக் காட்டினார்.

வனிதாவின் தாய்மாமன் என்னைத் தனியாக அழைத்துப் போனார். பிள்ளையைத் தூக்கி வளர்த்த மனிதர், முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எல்லாக் காரியத்தையும் ஓடியாடிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் நேற்று வனிதாவுக்குப் போன் செய்தவர். நம் முறைப்படி, அம்மாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, சீரியஸ், உடனே கிளம்பு என்று சொல்லியிருக்கிறார். ஆனால் போனை எடுத்தவள் நர்சு ஆயிற்றே. நாடித்துடிப்பு என்ன, ஈசிஜி எடுத்தார்களா, எந்த வார்டு, என்ன மருந்து ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள். இவர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். அவள் குரல் நடுங்கவும், பிள்ளை தனியாக இருக்கிறதே என்று பயந்துபோய், "இப்பக் கொஞ்சம் பரவால்லத்தா, கண்ணு முழிச்சிருச்சு" என்றும் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வார்த்தையில் காரியம் கெட்டது. அவள் தன் இல்லத்துத் தலைமை நர்சிடம் போய், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறது, ஊருக்குப் போக வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி கேட்டிருக்கிறாள். ஆள் பற்றாக்குறை, தேறிவிட்டதென்றால் வார இறுதிக்குப் பிறகு ஏற்பாடு செய்துதருகிறேன் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். இவளும் சரியென்றுவிட்டு, சாயங்காலம் மாமனைக் கூப்பிட்டு அதைச் சொல்லியிருக்கிறாள். தேறி வருகிற அம்மாவுக்காகத் தகுதிகாண் காலத்தில் வேலையைப் பாழாக்குவானேன் என்று நினைத்திருப்பாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இங்கே வீட்டில் பெட்டிக்கு மாலை போட்டு மகளுக்காகக் காத்திருக்கிறார்கள். அங்கே மகள் அடுத்த வாரத்துக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மாமன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், ஒங்களுக்கு அவுக பாஷ தெரியும். அந்த ஆபீசுக்குப் போனப் போட்டு வெவரத்தச் சொல்லி புள்ளய அனுப்பி வைக்கச் சொல்லுங்க. ஆனா புள்ளைக்குத் தெரிய வேணாம். வீட்டுக்கு வந்து பாத்துக்கிறட்டும்."

நான் ஆபீசில் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஊரில் யாருக்காவது சாவு என்று கேள்விப்பட்டால் அடுத்த நிமிடமே எதிரில் போய்க் கைகொடுத்து, ஆழ்ந்த அனுதாபம் என்பார்கள். அதுதான் அவர்கள் மரியாதை. அம்மா செத்துப்போனதை வனிதா ஒரு அந்நியர் சொல்லும் அனுதாபத்திலிருந்தா தெரிந்துகொள்ள வேண்டும்? அதனால் முதலில் பிள்ளைக்குச் சொல்லுவோம், பிறகு ஆபீசுக்குச் சொல்லுவோம் என்றேன். மாமன் ஒத்துக்கொள்ளவில்லை.

"முள்ளுல விழுந்த சேலைய மெதுவாத்தான் எடுக்கணும் டீச்சர். ஒரு நா முழுக்கத் தனியா பிளேன்ல வரணும் அது. நடுவழியில மயங்கி விழுந்தா யாரு பாப்பா? நீங்க பாப்பீகளா?"

அவர் ஒன்றும் தெரியாமல் பேசவில்லை. சுற்றி நின்ற பெண்களும் அவர் பக்கம்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்களே என்று நான் சத்தம் போட்டதும், கேத வீட்டில் வந்து நியாயம் பேசுகிறாள் பார் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து என் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. வனிதாதான். காதில் வைத்துக் கேட்டேன். "டீச்சர், நீங்க போடியிலதான இருக்கீங்க? எனக்காக ஆஸ்பத்திரிக்குப் போயி அம்மாவ ஒரு எட்டு பாத்துட்டுச் சொல்றீங்களா? மாமா கேட்டா மாத்தி மாத்திச் சொல்றாரு. நீங்க சொன்னா நம்புவேன்."

நான் நின்ற இடத்திலிருந்து ஐஸ் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இதற்குப் பதில் போடாமல் இருந்தாலும் அது ஒரு பதில். இன்னும் போகவில்லை, போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பினால் நானும் மாமனோடு சேர்ந்தவள். உண்மையைச் சொன்னால் இந்த வீட்டு மனிதர்கள் இனி என் முகத்தில் விழிக்க மாட்டார்கள். நான் வனிதாவின் அப்பாவைப் பார்த்தேன். சொல்லவா என்று வாய்விட்டுக் கேட்டேன். அவர் தோள்துண்டை எடுத்து ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

தெருவோரத்தில் அவர் ஜீப் நின்றது. நான் போய் அதில் ஏறி உட்கார்ந்து கதவை மூடிக்கொண்டு வனிதாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எங்க இருக்க? உக்காந்திருக்கியா?"

"ரூம்லதான் டீச்சர். டியூட்டிக்குக் கெளம்பிக்கிட்டு இருக்கேன். அம்மாவப் பாத்தீங்களா?"

"கட்டில்ல உக்காரு. அம்மா செத்துப்போச்சு வனிதா. நேத்து காலையில, மலையில இருந்து கொண்டு வர்ற வழியிலேயே."

அந்தக் காலத்து என் தலைமை நர்சு செய்தபடி வாயை மூடிக்கொண்டேன். பெரிய கொடுமை அது. ஏதாவது சொல்லி ஆற்ற வேண்டும் என்று நாக்கு துடிக்கிறது. சொல்லக் கூடாது. அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு நிதானமாக, நோயாளியின் வீட்டாரை விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

"நேத்து சாயங்காலம் அம்மாகிட்ட குடுங்கன்னேன். ஊசி போட்டுத் தூங்குதுன்னு மாமா சொன்னாரே?"

"அப்பவும் உசுரு இல்ல வனிதா."

"அப்பா பக்கத்துல இருந்தாரா?"

"இருந்தாரு."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நீயே ஆபீசில் சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். நேற்று ஒன்று சொல்லிவிட்டு இன்றைக்கு இப்படிப் போய் நின்றால் விடுப்புக்காகப் பொய் சொல்கிறேன் என்று நினைப்பார்கள், நீங்களே சொல்லுங்கள் டீச்சர் என்றாள். பக்கத்து அறைப் பெண்ணை எழுப்பிக் கூட வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, அவளிடமே நம்பர் வாங்கி அவள் இல்லத்தின் தலைமை நர்சுக்குப் போன் செய்தேன். பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு, வனிதாவின் குடும்பத்தில் டோடெஸ்ஃபல், இறந்தது அம்மா என்றேன். மறுமுனையில் ஒரு கேள்வி கிடையாது. இன்றே கிளம்பட்டும், வேலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், டிக்கெட் போட நாங்கள் உதவுகிறோம் என்றார். நேற்று திறக்காத கதவு அந்த ஒரு பெயர்ச்சொல்லுக்குத் திறந்துவிட்டது. கடைசியில்தான் கேட்டார், நேற்று ஏன் உடம்பு சரியில்லை என்று சொன்னாள் என்று. அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள் என்றேன். யார் என்றார். அவளை ரொம்ப நேசிக்கிறவர்கள் என்றேன். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. எத்தனையோ வருஷம் அந்த மொழி பேசியவள் நான், அதைப் புரியவைக்க எனக்கும் தெரியவில்லை.

ஜீப்பை விட்டு இறங்கி, சொல்லிவிட்டேன் என்றேன். மாமன் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். "புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்கதான் ஜவாப்பு" என்றார். சரி என்றேன். பந்தலில் எனக்கு யாரும் தண்ணீர் தரவில்லை.

அன்றைக்கே அவள் விமானம் ஏறினாள். ஆனால் வளைகுடாவில் மாறவேண்டிய விமானம் தாமதமாகி, அங்கேயே மாட்டிக்கொண்டாள். இங்கே மூன்றாம் நாள் ஆகிவிட்டது. எடுப்பதா வைத்திருப்பதா என்று பெரியவர்களுக்குள் சண்டை. விமான நிலையத்திலிருந்து வனிதா என்னைக் கூப்பிட்டாள். "அம்மாவ ரொம்ப நேரம் பெட்டியில வைக்க வேணாம் டீச்சர். எடுத்துறச் சொல்லுங்க. நான் இப்படிப் பெட்டியில நெறையப் பேரப் பாத்தவ. எனக்கு அம்மாவ அப்படிப் பாக்க வேணாம்." அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது. அன்று சாயங்காலம் எடுத்துவிட்டார்கள். முதல் நாளே ஒருத்தர் வாய் திறந்து சொல்லியிருந்தால் அவள் நேரத்துக்கு வந்து அம்மா முகத்தைப் பார்த்திருப்பாள்.

மறுநாள் காலை காரில் வந்து இறங்கினாள். தெருப் பெண்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அவள் மரம் மாதிரி நின்றாள். எல்லோரையும் விலக்கிவிட்டு உள்ளே போய் அப்பா எதிரில் தரையில் உட்கார்ந்தாள். நான் நிலைப்படியில் நின்றிருந்தேன். அவர் மகளைப் பார்த்துக் கேட்டது இதுதான்.

"சாப்டியாத்தா?"

"அம்மா எங்கப்பா?"

"மொதல்ல ஒரு வா தண்ணி குடி. மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்கு."

"ஒங்க வாயால ஒரு தடவ சொல்லுங்கப்பா. டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? நீங்க சொல்லுங்க."

மாமன் குறுக்கே வரப் பார்த்தார், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அந்த மனிதருக்கு உதடு கோணிக்கொண்டு போயிற்று. பிறகு சொன்னார்.

"செத்துப் போச்சுத்தா ஒங்கம்மா. மேல் வளைவுலயே செத்துப் போச்சு. பின்னால ஒக்காந்திருந்த பொம்பளைக யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஆரன் அடிச்சுக்கிட்டுக் கீழ ஓட்டிக்கிட்டு வந்தேன்."

அப்போதுதான் வனிதா அழுதாள். அப்பாவின் மடியில் விழுந்து அழுதாள். அவரும் அதுவரை அழாதவர், தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் வெளியே வந்துவிட்டேன்.

காரியம் முடிந்து அவள் திரும்பப் போகும்முன் என்னிடம் வந்தாள். அப்பாவுக்கு ஏதாவது என்றால் நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும், மாமா நம்பரைப் பார்த்தால் எடுக்க மாட்டேன் என்றாள். சரியென்று வாக்குக் கொடுத்தேன். வனிதா மற்ற பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொருத்தியாக வந்து அதே வாக்கைக் கேட்டார்கள். பக்கத்து ஊர் தேவாரத்துப் பிள்ளைகள், மலைமேல் தோட்டத்துப் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் கொடுத்தேன். அதன்பின் அப்படிச் சில போன்கள் செய்தும் இருக்கிறேன். எத்தனை என்று எண்ணிப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. கேத வீடுகளில் இப்போது என்னைத் தேடி ஆள் அனுப்புகிறார்கள். அதே ஜனங்கள் கல்யாண வீட்டில் என்னைக் கண்டால் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அந்தப் பாடத்தைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். தாத்தாவின் அண்ணனை எழுதவிடாதீர்கள், அம்மா என்றே எழுதச் சொல்லுங்கள். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன் அவள் அப்பா அம்மாவை இந்த மாடிக்கு வரவழைத்து, வீட்டில் யாராவது இறந்தால் இறந்துவிட்டார் என்றே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அபசகுனம் என்று எழுந்து போவார்கள். அடுத்த வாரம் திரும்பக் கூப்பிடுங்கள். அப்படிச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் ஏமாற்ற மாட்டேன். நான் சொன்னது சரியா என்பதே எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. விமானத்தில் அந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்து வந்த நேரத்தை நினைத்தால் மாமன் சொன்னதும் நியாயம்தான் என்று தோன்றுகிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வேலையை ஏற்றுக்கொண்டவர் பொங்கல் வாழ்த்துச் சொல்லக்கூட மாணவிகளைக் கூப்பிட முடியாது. என் நம்பரைப் பார்த்ததும் அந்தப் பக்கம் மூச்சு நின்றுவிடும். "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் நான் என் பெயரையே சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வாரம் வனிதாவின் அப்பா என் வீட்டுக்கு வந்திருந்தார். அந்தச் சாவுக்குப் பிறகு என் வாசலை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை. இன்னமும் ஜீப்தான் ஓட்டுகிறார். டாக்டர் இதயத்தில் ஏதோ அடைப்பு என்று சொல்லியிருக்கிறாராம். மகளிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். சொல்லிவிட்டேன், உள்ளதைச் சொல்லிவிட்டேன் என்றார். பிறகு காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, என் வெள்ளைத் தலையையும் கைத்தடியையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா புள்ளைகிட்ட நீங்க சொல்லீருவீக, அது தெரியும். ஒங்களுக்கு அப்புறம் யாரு டீச்சர் சொல்லுவா?"

அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களில் யார் பெயரைச் சொல்லட்டும்?